அன்னையரைக் காத்த அம்மையார்

சென்னை மாநகரின் மேற்றிசையில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என வழங்கும் பூவிருந்தவல்லி ஆகிய ஊர்கள் அமைந்துள்ளன. முற்காலத்தில் இவை ஏரிநீர் பாய்ந்து நெல் விளைந்த ஊர்களாய் இருந்தன. இக்காலத்திலோ தொழிற்கூடங்கள் மலிந்த நகர்ப்புறங்களாய்த் திகழ்கின்றன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஆயத்த ஆடைகள் தைக்கும் கூடங்கள் பல உள்ளன. ஆவடியிலே படைவீரர்க்கு உடை தைக்கும் தொழிற்சாலை ஒன்று உண்டு. பூவிருந்தவல்லியில் பொதுச் சுகாதாரப் பயிற்சி அளிக்கும் நிறுவனம் ஒன்று உளது. தையற்பொறியின்முன் நாள்முழுதும் அமர்ந்து உழைக்கும் மகளிர் பல்லாயிரவர் இப்பகுதியில் வாழ்கின்றனர்.

இவ்வூர்களில் ஒரு பெண் கருவுற்றால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தன் பெயரைப் பதிந்துகொள்கிறாள். செவிலியர் அவளது இரத்தத்தைச் சோதிக்கின்றார்; எடையைக் குறித்துக்கொள்கின்றார்; பின்னர்ச் சில மாத்திரைகளைக் கொடுத்து, நாள்தோறும் ஒன்று தவறாமல் உட்கொள்ளுமாறு கூறியனுப்புகின்றார். அம்மாத்திரையில் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலம் என்னும் சத்தும் சேர்ந்துள்ளன. அதன் விலை மிகச் சிறிது. அரசினரோ அதனை விலையின்றியே வழங்குகின்றனர். விலையில் சிறிதாகிய அம்மாத்திரையின் வரலாறு மிகப் பெரிது. அவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் ஆவர்.

இரத்த சோகை

நம் உடலில் ஓடும் குருதிக்குச் செந்நிறம் தருவன சிவப்பணுக்கள். நாம் உள்ளிழுக்கும் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்லும் பணி அவற்றினுடையது. அவ்வணுக்கள் குறைந்தாலும், அவற்றிலுள்ள செம்பொருள் குறைந்தாலும் உடல் வெளுக்கும், மூச்சு வாங்கும், சிறிது நடந்தாலும் கால் தளரும். இந்நிலையையே இரத்த சோகை என்பர். கருவுற்ற பெண்ணுக்கு இந்நோய் வருவது பெரிதும் அஞ்சத்தக்கது. என்னை? பிள்ளைப்பேற்றின்போது எத்தாய்க்கும் ஓரளவு குருதி வெளிப்படும். உடல் வலியுடையாள் அவ்விழப்பைத் தாங்குவாள். முன்னரே குருதி குன்றியவளோ அதனைத் தாங்கமாட்டாள்.

இச்சோகையிலும் வகைகள் உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் வருவது ஒன்று. இதில் சிவப்பணுக்கள் சிறுத்து வெளுத்துக் காணப்படும். மற்றொன்றில் அணுக்கள் இயல்பினும் பெருத்து, எண்ணிக்கையில் மிகக் குறைந்து காணப்படும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியத் தாய்மார் பலரை இவ்விரண்டாம் வகை வருத்தியது. மேனாடுகளில் முதியோரைத் தாக்கிய கொடிய இரத்த சோகை ஒன்றிலும் அணுக்கள் இவ்வாறே பெருத்திருந்தன. அந்நோய்க்கு ஆட்டின் ஈரல், மாட்டின் ஈரல் போன்றவற்றை உண்பிப்பது மருந்தாகும் என்று 1926ஆம் ஆண்டு அமெரிக்காவில் மைனாட், மர்பி என்னும் மருத்துவர் இருவர் கண்டறிந்தனர். ஆயினும், இந்தியத் தாய்மாரின் நோயும் அதுவும் ஒன்றோ வேறோ என்பது எவர்க்கும் விளங்கவில்லை. அதனை விளக்கியவரே லூசி வில்ஸ் அம்மையார்.

இளமையும் கல்வியும்

அம்மையார் 1888ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள், இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரையடுத்த சட்டன் கோல்டுபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். அவர்தம் குடும்பத்தார் அரிவாள் முதலிய கருவிகள் செய்யும் தொழில் நடத்தியவர்கள். தந்தையார் அறிவியல் கற்றவர். தாயாரோ புகழ்பெற்ற மருத்துவர் ஒருவரின் மகளார். எனவே, அறிவியலில் ஆர்வம் அம்மையார்க்கு இளமையிலேயே அரும்பியதில் வியப்பில்லை. பெண்களுக்கு அறிவியலும் கணக்கும் கற்பிப்பதில் முன்னின்ற செல்டன்காம் மகளிர் கல்லூரியில் அவர் பயின்றார். பின்னர் 1907ஆம் ஆண்டு கேம்பிரிட்சு நகரின் நியூனாம் கல்லூரியிற் சேர்ந்து, செடிகொடிகளின் நூலும் நிலத்தின் நூலும் கற்றார்.

1911ஆம் ஆண்டு அவர் தேர்வில் வெற்றி பெற்றார். ஆயினும் பட்டம் பெற்றாரில்லை. ஆடவரோடு ஒருசேரத் தேர்வெழுதித் தேறினும் பெண்களுக்குப் பட்டம் வழங்குவதில்லை என்பது அக்காலக் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தின் விதி. அவ்விதி 1948ஆம் ஆண்டுவரை மாறவில்லை. தேறியமைக்கு அடையாளமாக ஒரு சான்றிதழ் மட்டுமே அவர்க்குக் கிடைத்தது. கல்வியைப் பட்டத்திற்காகக் கற்றவராயின் அவர் அன்றே மனம் உடைந்திருப்பார்.

அதே ஆண்டில் தந்தையார் இறந்தார். இரண்டாண்டு கழித்துத் தமக்கையும் இளமையிலேயே உயிர்நீத்தார். அத்துயர்க்கிடையில், 1913ஆம் ஆண்டு தாயாரோடு இலங்கைக்கு வந்து உறவினரைக் கண்டு மீண்டார். மறு ஆண்டு தென்னாப்பிரிக்காவிற்குச் சென்றிருந்தபோது முதல் உலகப்போர் மூண்டது. கேப்டவுன் நகர மருத்துவமனையொன்றில் சில வாரம் தாமே முன்வந்து நோயாளர்க்குப் பணிவிடை செய்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், இலண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் அவர் மாணவியாய்ச் சேர்ந்தார். 1920ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றபோது அவர்க்கு அகவை 32.

பட்டம் பெற்ற மருத்துவர் பெரும்பாலோர் நோயாளரைப் பார்த்துப் பொருளீட்டும் வழியை நாடுவர். அம்மையாரோ ஆராய்ச்சியையும் கற்பித்தலையும் விரும்பினார். இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில், கருவுற்ற மகளிர் உடலில் நிகழும் மாறுதல்களை ஆராயும் பணியில் அமர்ந்தார்.

இந்திய அழைப்பு

அந்நாளில் இந்தியப் பெண்களின் மருத்துவப் பணியில் நெடுங்காலம் ஈடுபட்டிருந்தவர் மார்கரெட் பால்பர் என்னும் அம்மையார். பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை செய்த பெண்கள் பிள்ளைப்பேற்றின்போது படும் துன்பத்தை அவர் நேரிற் கண்டவர். தாய்மார் இறப்பின் காரணங்களை ஆராய்வதற்கு இந்திய ஆராய்ச்சி நிதிக் கழகத்தார் ஒரு குழு அமைத்தபோது, அதில் வந்து பணிபுரியுமாறு பால்பர் அம்மையார் லூசி வில்ஸை அழைத்தார். 1928ஆம் ஆண்டு அவ்வழைப்பை ஏற்று, அம்மையார் பம்பாயிலுள்ள ஆப்கின் ஆராய்ச்சிக்கூடத்தில் தம் பணியைத் தொடங்கினார்.

ஒருவர்க்கு வந்த நோயை ஆராய்வோர் அவர்தம் குருதியையும் நாடியையும் பார்ப்பது இயல்பு. அம்மையார் அவற்றோடு நில்லாது, அப்பெண்கள் வாழும் இடம் எத்தகையது, உண்ணும் உணவு யாது என்பவற்றையும் துணைவரோடு சேர்ந்து வகைப்படுத்தி ஆராய்ந்தார். ஒரே நகரில் வாழினும் வெவ்வேறு வகுப்பு மகளிரின் உணவு வெவ்வேறாய் இருந்தது. உணவு எங்கே மிகக் குறைபாடுடையதாய் இருந்ததோ, அங்கே நோயும் மிகுந்திருந்தது. வறுமைப்பட்ட முசுலிம் மகளிரே இவ்விரண்டிலும் முன்னின்றனர். இதனால், நோயின் வேர் கிருமியில் இல்லை, உணவிலேயே உளது என்னும் எண்ணம் அம்மையார்க்கு உண்டாயிற்று.

மருந்து என்று பெயரிட்ட அதிகாரத்தில் திருவள்ளுவர் உண்ணும் முறையையே மிகுதியாகப் பேசினார் என்பதைத் தமிழ் மாணாக்கர் அறிவர். அவ்வுண்மையின் ஒரு பகுதியை அம்மையார் ஆய்வுக்கூடத்திற் காண முயன்றார்.

எலியும் குரங்கும்

எண்ணம் ஒன்று, மெய்ப்பித்தல் வேறொன்று. நோயுற்ற பெண்கள் உண்ட உணவையே அம்மையார் வெள்ளெலிகளுக்கு ஊட்டினார். சினையுற்ற எலிகள் சோகைகொண்டு, குட்டி ஈனுமுன் மடிந்தன. ஈஸ்ட் சேர்த்த உணவை உண்ட எலிகளோ தப்பின. காரணம் கிடைத்துவிட்டது என்றே தோன்றிற்று. ஆனால், அவ்வெலிகளின் உடலிலிருந்த பேன்களால் பரவிய தொற்றும் சோகையை உண்டாக்கவல்லது என்பது பின்னர்த் தெரிந்தது. அங்ஙனமாயின், எலிகள் மடிந்தது உணவாலோ தொற்றாலோ என்று துணிய இயலாது. அம்மையார் உழைத்த உழைப்பு ஐயத்துக்கு இடமாயிற்று. அவர் அதனை மறைக்கவில்லை, மனம் தளரவுமில்லை. குரங்குகளைக் கொண்டு ஆய்வை மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

இந்த ஆண்டுகளில் அவர் ஓரிடத்தில் தங்கியிருந்தாரல்லர். 1929ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் அக்டோபர் வரை நீலமலையிலுள்ள குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சி செய்தார். உணவாராய்ச்சியில் பேர்பெற்ற இராபர்ட் மக்காரிசன் அப்போது அங்கே பணியாற்றிவந்தார். 1931ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அம்மையார் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணியிலுள்ள கோஷா ஆஸ்பத்திரியில் பணிபுரிந்தார். ஆண் மருத்துவரிடம் செல்ல மனம் ஒவ்வாத மகளிர்க்கென 1885ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது அம்மருத்துவமனை. அதனைத் தொடங்கிய மேரி சார்லீப் அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின் லூசி வில்ஸ் பயின்ற அதே இலண்டன் பள்ளியிலும் கற்றவர். இந்நாளில் அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்னும் பெயரோடு விளங்குகின்றது.

எளிய மருந்து

தீட்டிய அரிசி, வெள்ளை ரொட்டி முதலியவற்றை உண்டு நோயுற்ற குரங்குகளுக்கு அம்மையார் பலவகைச் சத்துகளையும் கொடுத்துப் பார்த்தார். அவற்றுள் மார்மைட் என்னும் பண்டம் ஒன்று. மதுவடித்தபின் அடியில் எஞ்சும் ஈஸ்டைச் சாறாக்கிச் செய்வது அது. இங்கிலாந்தில் ஏழை எளியோரும் ரொட்டியில் தடவி உண்ணும் மலிவான பொருள். அதனை உண்ட குரங்கு நலமடைந்தது. பின்னர் அம்மையார் அதனை நோயுற்ற தாய்மார்க்குக் கொடுத்தார். சில நாள்களுக்குள்ளாகவே அவர்கள் குருதியில் இளஞ்சிவப்பணுக்கள் பெருகின. எழுந்திருக்கவும் மாட்டாது கிடந்தோர் தேறினர். 1931ஆம் ஆண்டு சூன் மாதம், ஈஸ்டுச் சாறு இச்சோகையைத் தீர்க்கும் என்னும் செய்தியை அம்மையார் பிரிட்டிசு மருத்துவ இதழில் வெளியிட்டார்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. அச்சாற்றில் நோயைத் தீர்க்கும் பொருள் யாது என்பதை அப்போது அம்மையார் அறியார், பிறரும் அறியார். பெயர் தெரிந்தபின் மருந்து கொடுக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. காத்திருந்தால், பெயர் வருமுன் எத்தனையோ தாய்மார் மாண்டிருப்பர். அச்சாறு எளிதிற் கிடைப்பது, விலை மலிந்தது என்பதையே அவர் பெரிதாகக் கருதினார். ஏழைக்கு எட்டாத மருந்து இருந்தும் இல்லாததே அன்றோ?

இந்நோயும் மேனாட்டாரின் கொடிய சோகையும் வேறு என்பதையும் அவரே நாட்டினார். கொடிய சோகையுடையார் வயிற்றில் செரிமானத்துக்குரிய அமிலம் சுரப்பதில்லை. இந்தியத் தாய்மார் வயிற்றிலோ அது சுரந்தது. மேலும், தூய்மைப்படுத்தாத ஈரற்சாறு இரு நோயையும் தீர்த்தது; நன்கு தூய்மைப்படுத்திய ஈரற்சாறோ கொடிய சோகையை மட்டுமே தீர்த்தது. ஆகவே, தூய்மைப்படுத்தும்போது கழிந்துபோகும் வேறொரு சத்து உண்டு. அதுவே இத்தாய்மார்க்கு மருந்து என்று அவர் 1937ஆம் ஆண்டு துணைவரோடு சேர்ந்து நிறுவினார். அறியப்படாத அச்சத்தை அறிஞர்கள் சில காலம் 'வில்ஸ் காரணி' என்றே வழங்கினர்.

இலையிற் பிறந்த பெயர்

1941ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாசு நாட்டு அறிஞர் மூவர் நான்கு டன் பசலைக்கீரையைப் பிழிந்து ஒரு சத்தைச் சிறிதளவு பிரித்தெடுத்தனர். இலையிலிருந்து கிடைத்தமையால், இலை என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லைக்கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். அம்மையார் ஈஸ்டிலே கண்டதும் இவ்வினத்துச் சத்தே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

கீரையைப் பிழிந்து உலகத் தாய்மார் அனைவர்க்கும் மருந்து செய்தல் இயலாது. அச்சத்தை ஆய்வுக்கூடத்தில் ஆக்கும் வழி வேண்டும். 1945ஆம் ஆண்டு அவ்வழியைக் கண்ட குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் இந்தியர். இவர் பீமவரத்திற் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், மாநிலக் கல்லூரியிலும், சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். 1923ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று அங்கேயே உழைத்தவர். ஓயாத கழிச்சலோடு சோகையும் வரும் 'ஸ்புரூ' என்னும் நோயால் இளமையில் இவர் பெரிதும் வருந்தினார். உடன்பிறந்தாரையும் அந்நோய்க்குப் பறிகொடுத்தார். இவர் குழுவினர் ஆக்கிய ஃபோலிக் அமிலம் அந்நோய்க்கும் மருந்தாயிற்று. திருவல்லிக்கேணியிற் பயின்ற ஒருவரும், திருவல்லிக்கேணி மருத்துவமனையில் பணிபுரிந்த ஒருவரும், ஒரே சத்தின் வரலாற்றில் இடம்பெற்றமை சென்னைக்குப் பெருமை தருவதாகும்.

ஃபோலிக் அமிலத்தின் பயன் தாயோடு நிற்கவில்லை. கரு உருவாகும் தொடக்கத்தில் இச்சத்துக் குறைந்தால், குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் சரிவர மூடி வளராமற் போதல் உண்டு. அவ்வகைக் குறையுடைய குழந்தையை முன்னர்ப் பெற்ற தாய்மாரை ஏழு நாடுகளில் ஆராய்ந்தனர். கருவுறுமுன்னரே ஃபோலிக் அமிலம் உண்டு வந்தால் அக்குறை மீண்டும் நேர்வது 100க்கு 72 பங்கு குறையும் என்பதை 1991ஆம் ஆண்டு கண்டறிந்தனர்.

எஞ்சிய பணி

இந்தியாவில் 1970ஆம் ஆண்டு முதல் கருவுற்ற தாய்மார்க்கு இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் கலந்த மாத்திரைகளை அரசினர் வழங்கி வருகின்றனர். நான்காம் மாதத் தொடக்கம் முதல் 180 நாளும், பிள்ளைப்பேற்றின் பின் 180 நாளும் நாளொன்றுக்கு ஒரு மாத்திரை என்பது 2018ஆம் ஆண்டுத் திட்டத்தின் முறை. ஆயினும், 2019 முதல் 2021 வரை நாடெங்கும் எடுத்த குடும்பநலக் கணக்கின்படி, கருவுற்ற மகளிர் 100 பேரில் 52 பேர் இரத்த சோகை உடையவராகவே இருந்தனர். தமிழ்நாட்டிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்நிலையினரே.

காரணம் என்ன? மாத்திரை கிடைக்காமை அன்று. கிடைத்த மாத்திரையை உண்ணாமையும் ஒரு காரணமாகும். அதனை உண்டால் சிலர்க்குக் குமட்டல் வரும். சிலர்க்கு மலம் கறுத்து இறுகும். அஞ்சிய பெண் மாத்திரை அட்டையை அலமாரியில் வைத்துவிடுகிறாள். அதிகாலையில் எழுந்து வீட்டு வேலை முடித்து, பேருந்து பிடித்து, அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கோ ஆவடிக்கோ விரையும் பெண்ணுக்குத் தன் உணவை நினைக்கவே பொழுதில்லை. காலையில் தேநீர், நண்பகலில் ஆறிய சோறு, இரவில் எஞ்சியது என்று அவள் நாள் கழிந்துவிடும். அன்று பம்பாய்ப் பஞ்சாலையில் உழைத்த பெண்ணின் நிலைக்கும் இவள் நிலைக்கும் வேற்றுமை பெரிதில்லை. ஆனால், அவளுக்கு இல்லாத ஒன்று இவளுக்கு உண்டு. அவள் நோய்க்கு மருந்து இன்னதென்று எவரும் அறியார். இவள் வீட்டு அலமாரியிலேயே மருந்து இருக்கின்றது. உணவுக்குப்பின் உண்டால் குமட்டல் தணியும் என்றும், மலம் கறுப்பது தீங்கன்று என்றும் அவளுக்கு எடுத்துச் சொல்வார் ஒருவர் வேண்டும். முருங்கைக்கீரையும் பயறும் கொண்டைக்கடலையும் அவள் தட்டில் சேரவும் வேண்டும். வீட்டில் அனைவரும் உண்டபின் எஞ்சியதை அவள் உண்பது என்னும் பழக்கம் ஒழியவும் வேண்டும்.

இறுதிக் காலம்

இந்தியப் பணி முடித்து, அம்மையார் 1933ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவமனைக்கே திரும்பினார். 1937ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் பத்து வாரம் பம்பாய்க்கு வந்து ஆராய்ந்தார். இரண்டாம் உலகப்போரின்போது, 1944ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பகைவரின் பறக்கும் குண்டு அவர் பணிபுரிந்த மருத்துவமனைமீது வீழ்ந்தது, பலர் மாண்டனர். சில நாளிலேயே ஆய்வுப்பணி மீண்டும் நடந்தது. 1947ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயரளவே. அதன் பின்னரும் சமைக்கா, பிசி, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்று உணவையும் சோகையையும் ஆராய்ந்தார். இலண்டனில் செல்சீப் பகுதியின் நகரமன்றத்தில் உறுப்பினராய் இருந்தும் மக்கட்பணி செய்தார். அவர் திருமணம் செய்துகொண்டாரல்லர். 1964ஆம் ஆண்டு ஏப்பிரல் 16ஆம் நாள் இயற்கை எய்தினார்.

'வில்ஸ் காரணி' என்னும் பெயர் இன்று வழக்கில் இல்லை. மருந்துக்கு வேறு பெயர் அமைந்தது. அதனை ஆக்கிய புகழ் வேறு பலரைச் சேர்ந்தது. அதனால் அம்மையார்க்குக் குறைவு ஒன்றுமில்லை. நோயுற்றவள் உண்ட உணவு யாது என்று வினவிய அவ்வொரு வினாவே அவர் உலகுக்கு விட்டுச்சென்ற செல்வம். கற்றோர் தம் கல்வியைக் கொண்டு அவ்வினாவை எளியோர் பொருட்டு எழுப்புவாராயின், அதற்கு விடை காண்பார் பின்னும் பலர் தோன்றுவர். மாணாக்கர் ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்தில் தாயும் தமக்கையும் உண்டனரா என்று கேட்டறிந்து, அதன்பின் தாம் உண்ணும் நற்பழக்கத்தை மேற்கொள்வார்களாக.